அண்டாவை நகர்த்திய நாள்: 69 வயதுப் பெண்ணின் முதுகெலும்பு முறிவு, ஒரு நிகழ்வு ஆய்வு

குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி முதல் தேதி. அன்றைக்குச் சுற்றுவட்டாரக் கிராமங்களில் சொந்தபந்தம் வராத வீடு கிடையாது. அப்படி ஒரு வீட்டில், 69 வயது ஆயா ஒருவர் பின்கட்டில் இருந்த தண்ணீர் அண்டாவை இரண்டடி தள்ளி வைக்கலாம் என்று குனிந்து இழுத்திருக்கிறார். அண்டாவில் பாதிகூடத் தண்ணீர் இல்லை. அவர் விழவில்லை, வழுக்கவும் இல்லை. "முதுகுல மளுக்குன்னு ஒண்ணு ஆச்சு கண்ணு" என்றுதான் பிறகு என்னிடம் சொன்னார். அண்டாவின் விளிம்பைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றவர், மெல்ல வந்து சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். விருந்தாளிகள் இருக்கும்போது படுப்பது நன்றாக இருக்காது என்று மாலை வரை உட்கார்ந்தே இருந்தாராம்.

என் கிளினிக்குக்கு அவர் வந்தது ஆனி மாத நடுவில், ஏறக்குறைய ஆறு வாரம் கழித்து. அவரிடமும் அவர் மகனிடமும் அனுமதி வாங்கிக்கொண்டு இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எலும்பு மெலிந்து எளிதில் உடையும் இந்த எலும்புப்புரை அரிய நோய் இல்லை. எங்கள் பக்கத்தில் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கக்கூடியது. கூன் விழுந்த ஒரு பாட்டியைப் பார்த்தால் "வயசாயிடுச்சு" என்று நாம் கடந்து போகிறோம். மருத்துவர்களும் அப்படித்தான் போகிறோம், நானும் போனேன். அந்தக் கூனுக்குள் இருப்பவை பெரும்பாலும் ஒன்றன்மேல் ஒன்றாக நொறுங்கிய முள்ளெலும்புகள் என்பதை இந்த ஆயாவின் கதையை வைத்தே சொல்ல முடியும்.

அந்த ஆறு வாரம்

வீட்டில் எல்லோரும் இதைச் சுளுக்கு என்றே எடுத்துக்கொண்டார்கள். காலால் பிறந்த பிள்ளை மிதித்தால் சுளுக்கு போய்விடும் என்ற நம்பிக்கை எங்கள் ஊர்களில் இன்னும் இருக்கிறது. பேரன் அப்படிப் பிறந்தவன், பத்தாம் வகுப்புப் படிக்கிறான். ஆயாவைக் குப்புறப் படுக்கவைத்து மூன்று நாள் காலையில் இடுப்புக்கு மேலே லேசாக மிதித்திருக்கிறான். இரண்டாம் நாளே வலி கூடிவிட்டது. மூன்றாம் நாளும் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்கிறார், பையன் மனம் நோகக் கூடாது என்று. அப்புறம் எண்ணெய் போட்டு நீவினார்கள். அதற்குப் பின் ஒரு ஊசி, பிறகு இன்னொரு ஊசி. வலி முதுகில் தொடங்கி விலாவைச் சுற்றி வயிற்றுக்கு வந்தது. கயிறு கட்டி இழுப்பதுபோல் இருக்கிறது என்றார். வாயுவாக இருக்கும் என்று பூண்டும் பெருங்காயமும் கொடுத்தார்கள். முள்ளெலும்பு நொறுங்கும்போது அங்கிருந்து புறப்படும் நரம்பின் வழியே வலி இப்படி முன்பக்கம் வரும். வயிற்றுவலி என்று சொல்லிக்கொண்டு வரும் முதியவர்களிடம் முதுகையும் தட்டிப் பார்க்க வேண்டியிருப்பது இதனால்தான்.

உட்கார்ந்தால் பரவாயில்லை, படுத்தால் புரள முடியவில்லை, படுக்கையிலிருந்து எழும்போது உயிர் போகிறது என்றார். இந்த மூன்றையும் ஒரு வயதான பெண் சேர்த்துச் சொன்னால் எனக்கு இப்போதெல்லாம் முதலில் எலும்பு முறிவு நினைவுதான் வரும். காய்ச்சல் இல்லை. மாலையில் குளிர் இல்லை. எடை குறைந்ததா என்று தெரியவில்லை, வீட்டில் யாரும் நிறுத்துப் பார்த்ததில்லை. சிறுநீர் தடையில்லாமல் போகிறது. மலம் போய் ஐந்து நாள் ஆகியிருந்தது.

சுவரும் இஞ்ச் டேப்பும்

பார்த்தவுடன் தெரிந்தது முதுகின் வளைவு. குதிகால் சுவரில் படும்படி நிற்கவைத்து, தலையின் பின்பக்கம் சுவரைத் தொடுகிறதா என்று பார்த்தேன். தொடவில்லை, நடுவில் என் நான்கு விரல் நுழைந்தது. நிமிர்ந்து நிற்கும் முதுகுக்கு இந்த இடைவெளியே இருக்கக் கூடாது. அடுத்து, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் இடையே விரல் வைத்தேன். இரண்டு விரலுக்கு மேல் இடம் இருக்க வேண்டும். இவருக்கு ஒரு விரல்தான் போனது. விலாக்கூடு இடுப்பின் மேல் இறங்கி உட்கார்ந்துவிட்டது. கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடுகிறது என்று அவர் பல மாதமாகச் சொல்லிவந்ததற்கும் இதுதான் காரணம். வயிற்றுக்கு இடமில்லை.

உயரம் 141 செ.மீ. இளமையில் எவ்வளவு இருந்தார் என்பதற்கு எந்தப் பதிவும் இல்லை. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டச்சொல்லி ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை டேப்பால் அளந்தேன். 149 செ.மீ. கைநீளம் வயதானாலும் குறையாது. இளமையில் இருந்த உயரத்துக்குக் கிட்டத்தட்ட இணையாக இருக்கும். ஆக, ஏழெட்டு சென்டிமீட்டர் முதுகில் காணாமல் போயிருக்கிறது. நான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் நின்ற மருமகள், "ரெண்டு வருசமா அத்தைக்குச் சேலை தரையில பொரளுது டாக்டரம்மா. கொசுவத்தை மேல மேல தூக்கிச் செருகிக்குவாங்க" என்றார். நான் டேப்பால் கண்டுபிடித்ததை அந்த வீட்டுச் சேலை இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

எடை 43 கிலோ. முதுகின் நடுக்கோட்டில் மேலிருந்து கீழாகக் கையை மடக்கி மெதுவாகத் தட்டிக்கொண்டு வந்தேன். விலா முடியும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே வந்ததும் "அங்கதான் சாமி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கால்களின் பலம், உணர்வு, அனிச்சைச் செயல்கள் எல்லாம் சரியாக இருந்தன. இது முக்கியம். கால் மரத்துப்போவது, பலம் குறைவது, சிறுநீர் அடைப்பது, ஆசனவாயைச் சுற்றி உணர்வு போவது என்று ஏதாவது இருந்தால் அன்றைக்கே தண்டுவட அறுவை சிகிச்சை செய்யும் இடத்துக்கு அனுப்பியிருப்பேன்.

ரத்த அழுத்தம் 150/90. சர்க்கரை 168. முகம் வட்டமாக, பூசினாற்போல் இருந்தது. முன்கைகளில் ஊதாத் திட்டுகள், எங்கும் இடித்துக்கொள்ளாமலே வந்தவை. தோல் வெங்காயச் சருகுபோல் மெலிந்திருந்தது. இவற்றைப் பார்த்ததும், "மூட்டுவலிக்கு எதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா ஆயா?" என்று கேட்டேன்.

முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே செய்தித்தாளில் மடித்த சின்னப் பொட்டலம். அதில் மூன்று மாத்திரைகள்: ஒரு பெரிய வெள்ளை, ஒரு மஞ்சள், மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு குட்டி மாத்திரை. காலை ஒரு செட், ராத்திரி ஒரு செட். ஒரு கடையில் பட்டையிலிருந்து பிரித்துத் தருவார்கள். இரண்டு வருடத்துக்கு மேலாகச் சாப்பிடுகிறார். "இதைப் போட்டாத்தான் முட்டி மடங்குது, பீடி சுத்த உக்கார முடியுது." மகனை அனுப்பிப் பட்டையைப் பார்த்துவரச் சொன்னேன். அந்தக் குட்டி மாத்திரை டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, 0.5 மி.கி. ஒரு நாளைக்கு ஒரு மி.கி. என்றால் பிரட்னிசோலோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டின் கணக்கில் ஏறத்தாழ ஏழு மி.கி. மூன்று மாதத்துக்கு மேல் தினமும் 5 மி.கி. பிரட்னிசோலோன் சாப்பிட்டாலே எலும்பு முறிவு ஆபத்து தெளிவாக ஏறும். அதிலும் முதல் சில மாதங்களிலேயே ஏறத் தொடங்கிவிடும், முதுகெலும்பில்தான் அதிகம்.

இங்கே என் பங்கையும் சொல்லியாக வேண்டும். பத்து மாதம் முன்பு இதே ஆயா முழங்கால் வலிக்காக என்னிடம் வந்திருக்கிறார். என் நோட்டில் பதிவு இருக்கிறது. தடவ ஒரு ஜெல், பாராசிட்டமால், அவ்வளவுதான் எழுதியிருக்கிறேன். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்கவில்லை. அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்து "போன தடவைக்கு இப்ப நல்லா தேறியிருக்கீங்களே" என்று சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஸ்டீராய்டு பூசிய முகத்தை ஆரோக்கியம் என்று எடுத்துக்கொண்டேன். அன்றே கேட்டிருந்தால் பத்து மாத டெக்சாமெத்தசோன் குறைந்திருக்கும்.

எலும்பு ஏன் இவ்வளவு தேய்ந்தது

ஸ்டீராய்டு ஒன்று. அதற்கும் முன்பே அடித்தளம் ஆடிப்போயிருந்தது. 38 வயதில் பெரும்பாடு, அதாவது மாதவிடாயில் அதிக உதிரப்போக்கு, என்று கர்ப்பப்பையை எடுத்திருக்கிறார்கள். கூடவே இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டதாக அவர் பத்திரமாக வைத்திருந்த பழைய காகிதத்தில் இருந்தது. அதாவது மற்ற பெண்களுக்கு ஐம்பதை ஒட்டி நிற்கும் ஈஸ்ட்ரோஜன் இவருக்குப் பத்துப் பன்னிரண்டு வருடம் முன்னாலேயே ஒரே நாளில் நின்றுபோனது. எலும்பைத் தின்னும் செல்களைக் கட்டிவைத்திருப்பது அந்த ஹார்மோன்தான். கட்டு அவிழ்ந்தபின் முப்பது வருடம் ஓடியிருக்கிறது.

பன்னிரண்டு வயதில் பீடி முறத்தை மடியில் வைத்தவர். காலையில் வீட்டு வேலை முடிந்ததும் நடையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை நிழல்தான். வேலூர் வெயிலில் வைட்டமின் டி குறையுமா என்று படித்தவர்கள்கூட என்னிடம் கேட்கிறார்கள். அக்னி நட்சத்திரத்தில் யார் வெயிலில் நிற்கிறார்கள்? வெயில் ஊரில் இருந்தால் போதாது, தோலில் பட வேண்டும். சாப்பாடும் மாறிவிட்டது. சின்ன வயதில் களியும் கூழும்தான், ரேஷன் அரிசி வந்தபிறகு மூன்று வேளையும் சோறு. 100 கிராம் கேழ்வரகு மாவில் 350 மி.கி. அளவுக்குக் கால்சியம் இருக்கிறது. அரிசியில் அதில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. பால் டீயில் ஊற்றுகிற அளவோடு சரி.

இது ஒரு வீட்டின் கதை மட்டும் இல்லை. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் மாதவிடாய் நின்ற 150 பெண்களைப் பரிசோதித்து 2008-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய பாதிப்பேருக்கு ஏதோ ஓர் இடத்தில் எலும்புப்புரை இருந்தது. வைட்டமின் டி போதாதவர்களும் கிட்டத்தட்டப் பாதி. எல்லோரும் நடமாடிக்கொண்டிருந்த பெண்கள்.

படங்கள் சொன்னது

பக்கவாட்டு எக்ஸ்ரேயில் எல்1, அதாவது இடுப்புப் பகுதியின் முதல் முள்ளெலும்பு, முன்பக்கம் நசுங்கி ஆப்புபோல் இருந்தது. முன்பக்க உயரம் நாற்பது சதவீதம் வரை போயிருந்தது. அதற்கு மேலே இருக்கும் டி12-ம் நசுங்கியிருந்தது, ஆனால் ஓரங்கள் கெட்டியாக, பழையதுபோல். இன்னும் மேலே டி8-இல் சின்னதாக ஒரு சரிவு. அண்டா உடைத்தது ஒன்றைத்தான். மற்ற இரண்டும் எப்போது உடைந்தன என்று ஆயாவுக்கே தெரியாது. முதுகெலும்பு முறிவுகளில் மூன்றில் இரண்டு பங்கு இப்படி மருத்துவர் கண்ணில் படாமலே போகின்றன.

"முன்னாடி எடுத்த படம் எதாச்சும் இருக்கா?" என்று கேட்டேன். மகன் மறுநாள் ஒரு பெரிய உறை கொண்டுவந்தார். இரண்டு வருடம் முன்பு கல் இருக்கிறதா என்று வயிற்றுக்கு எடுத்த சி.டி. ஸ்கேன். ரிப்போர்ட்டில் சிறுநீரகம், பித்தப்பை, கல்லீரல் எல்லாம் சரி என்று ஒரு பக்கத்துக்கு இருந்தது. முதுகெலும்பு பற்றி ஒரு வரி இல்லை. படத்தை வெளிச்சத்தில் பிடித்தேன். டி12 அப்போதே நசுங்கியிருந்தது. கல்லைத் தேடியவர்கள் கல் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த வரி மட்டும் எழுதப்பட்டிருந்தால் அன்றே மருந்து தொடங்கியிருக்கலாம். ஒரு முள்ளெலும்பு முறிந்த பெண்களில் ஐந்தில் ஒருவருக்கு அடுத்த ஒரு வருடத்துக்குள் இன்னொன்று முறிகிறது என்று 2001-லேயே பெரிய ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. இவருக்கு அது கொஞ்சம் தாமதமாக நடந்தது, அவ்வளவுதான்.

எலும்புப்புரை என்று முடிவு கட்டுவதற்கு முன் மூன்று விஷயங்களை விலக்க வேண்டும். எங்கள் ஊரில் முதல் சந்தேகம் எப்போதும் காசநோய். ஸ்டீராய்டு சாப்பிட்டவர் என்பதால் சந்தேகம் இன்னும் கூடுதல். காசநோய் பெரும்பாலும் இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவிலிருக்கும் தட்டைச் சேர்த்து அரித்து, பக்கத்தில் சீழ் கட்டும். இரண்டாவது, வேறு இடத்திலிருந்து பரவிய புற்றுநோய். நேராக எடுத்த எக்ஸ்ரேயில் ஒவ்வொரு முள்ளெலும்பும் ஆந்தை முகம்போல் இருக்கும், இரண்டு பக்கமும் இரண்டு வட்டக் கண்கள். புற்று அரித்தால் ஒரு கண் காணாமல் போகும். இவருக்கு எல்லா முகத்திலும் இரண்டு கண்களும் இருந்தன. மார்பகப் பரிசோதனையிலும் கட்டி இல்லை. மூன்றாவது மயலோமா என்கிற எலும்பு மஜ்ஜைப் புற்று.

உடம்பில் அழற்சி இருந்தால் ஏறும் இ.எஸ்.ஆர். 42 இருந்ததாலும் ஆறு வாரமாகியும் வலி குறையாததாலும் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னேன். செலவு அவர்களுக்குக் கனமானதுதான், ஆனால் இந்த ஒரு படத்தில் சிக்கனம் பார்க்க எனக்குத் துணிவில்லை. எல்1-இல் புது முறிவுக்கான நீர்க்கோப்பு, தட்டுகள் பத்திரமாக, சீழ் இல்லை, தண்டுவடத்தில் அழுத்தம் இல்லை. டி12-இல் நீர்க்கோப்பே இல்லை, ஆறிய பழைய முறிவு. மயலோமாவைத் தேடும் ரத்தப் புரதப் பரிசோதனை சரியாக இருந்தது. கால்சியம் 8.6, தைராய்டு சரி. வைட்டமின் டி ஒரு மி.லி.க்கு 9 நானோகிராம், 20-க்குக் கீழே போனாலே குறைபாடு. உடம்பு தானே சுரக்கும் ஸ்டீராய்டான கார்ட்டிசால் காலை எட்டு மணிக்கு 3-தான். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்ததால் அதைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பிகள் தூங்கிப்போய்விட்டன. கிரியேட்டினின் 0.8 என்று ரிப்போர்ட்டில் நன்றாகத் தெரிந்தது. வயதையும் 43 கிலோ எடையையும் போட்டுக் கணக்கிட்டால் சிறுநீரகம் வடிகட்டும் வேகம் நிமிடத்துக்கு 45 மி.லி.தான். சதை குறைந்த முதியவர்களிடம் 0.8 என்ற எண்ணை அப்படியே நம்பக் கூடாது. எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேனில் முதுகு மைனஸ் 3.9, தொடை எலும்புக் கழுத்து மைனஸ் 3.1. மைனஸ் 2.5-லேயே எலும்புப்புரை என்பது உலக சுகாதார நிறுவனம் 1994-இல் வகுத்த எல்லை.

என்ன செய்தோம்

ரிப்போர்ட்களோடு அவர்கள் வந்த அன்று முதலில் பேசியது மாத்திரையைப் பற்றி இல்லை. "தண்டுவடம் போச்சா? கால் விழுந்துடுமா?" என்று ஆயா கேட்டார். அந்தப் பயத்தில் ஒரு வாரமாகத் தூங்கவில்லை. முள்ளெலும்பு வேறு, அதற்குள் ஓடும் தண்டுவடம் வேறு, உங்கள் தண்டுவடம் பத்திரமாக இருக்கிறது என்று எம்.ஆர்.ஐ. படத்தில் விரல் வைத்துக் காட்டினேன். தண்டுவடமே போனவர்களும் முடங்கிவிடவில்லை என்பதற்கு எங்கள் மாவட்டத்திலேயே ஒருவர் இருந்தார். 1954-இல் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பாகாயத்தில் இருக்கும் மறுவாழ்வு நிலையம் அவர் உழைப்பில் வந்தது. ஆயா கவனமாகக் கேட்டுக்கொண்டார். பேரன் வாசலிலேயே நின்றான், உள்ளே வரவில்லை. கூப்பிட்டு உட்காரவைத்து, எலும்பு அண்டாவை இழுத்தபோதே உடைந்துவிட்டது, நீ உடைக்கவில்லை என்று சொன்னேன். இனி யாரையும் மிதிக்காதே என்றும் சொன்னேன். அவன் அழுதுவிட்டான்.

வலிக்குப் பாராசிட்டமால், எடைக்கு ஏற்ப அளவு குறைத்து. இரண்டு வாரம் மட்டும் குறைந்த அளவில் டிரமடால் என்ற வலுவான வலி மாத்திரை, கூடவே மலமிளக்கி. முக்கினால் முதுகுக்குக் கேடு என்பதால் மலச்சிக்கலைச் சின்ன விஷயமாக விடவில்லை. மற்ற வலி மாத்திரைகளை நிறுத்தினேன். ஸ்டீராய்டோடு சேர்ந்தால் அவை வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்துக்கும் ஆகாது. பாயை எடுத்துவிட்டுக் கட்டில் போட்டார்கள். எழும்போது உடம்பை முறுக்காமல் மரக்கட்டைபோல் ஒரே வாக்கில் பக்கவாட்டில் புரண்டு, காலைத் தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். இதை மூன்று முறை செய்யவைத்தேன். முழு ஓய்வு என்று படுக்கப் போடவில்லை. படுத்தே கிடந்தால் மிச்சமிருக்கும் எலும்பும் சதையும் வேகமாகக் கரையும், நெஞ்சில் சளி கட்டும், படுக்கைப்புண் வரும். முதுகை நிமிர்த்திப் பிடிக்கும் டெய்லர் பிரேஸ் என்ற பட்டை போட்டார், உள்ளே பருத்திப் பனியனோடு, எட்டு வாரம், உட்காரும்போதும் நடக்கும்போதும் மட்டும். அந்த வெக்கையில் அதைப் போட்டுக்கொண்டிருந்தது அவர் பொறுமை.

மகன், "சிமெண்ட் ஊசி போட்டா ஒரே நாள்ல வலி போயிடுமாமே" என்று கேட்டார். நசுங்கிய முள்ளெலும்புக்குள் ஊசி வழியே எலும்புச் சிமெண்டைச் செலுத்தும் வெர்டிப்ரோபிளாஸ்டியைச் சொல்கிறார். 2009-இல் வந்த இரண்டு ஆய்வுகளில், நிஜமாகச் சிமெண்ட் போட்டவர்களுக்கும் போட்டதுபோல் பாவனை மட்டும் செய்யப்பட்டவர்களுக்கும் வலி ஒரே அளவில்தான் குறைந்தது. முறிந்து ஆறு வாரத்துக்குள், தாங்க முடியாத வலியோடு இருப்பவர்களுக்குப் பலன் உண்டு என்று 2016-இல் இன்னோர் ஆய்வு சொன்னது. இவர் அந்தக் காலத்தைத் தாண்டிவிட்டார், வலியும் குறையத் தொடங்கியிருந்தது. வேண்டாம் என்றேன்.

எலும்பு மருந்துதான் இந்தச் சிகிச்சையின் மையம். முறிவு ஆறிவிடும், மருந்து இல்லாவிட்டால் அடுத்தது உடையும். மூன்று முறிவு, ஸ்டீராய்டு, மைனஸ் 3.9 என்றால் புது எலும்பை வளர்க்கும் டெரிபாரடைடு ஊசிதான் என் முதல் தேர்வாக இருந்திருக்கும். தினமும் ஓர் ஊசி, இரண்டு வருடம் வரை, ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், மாதாமாதம் சில ஆயிரம் ரூபாய். அந்த வீட்டில் ஃபிரிட்ஜும் இல்லை, அந்த ஆயிரங்களும் இல்லை. எலும்பு கரைவதைத் தடுக்கும், வருடத்துக்கு ஒரு முறை நரம்பில் ஏற்றும் சோலட்ரானிக் அமிலம் 5 மி.கி. என்று முடிவெடுத்தோம். 2007-இல் வெளியான ஆய்வில் அது மூன்று வருடத்தில் முதுகெலும்பு முறிவுகளை 70 சதவீதம் குறைத்தது. என் முடிவோடு உடன்படாத மருத்துவர்கள் இருப்பார்கள். தொடர்ந்து எடுக்கக்கூடிய மருந்தே இவருக்கு நல்ல மருந்து என்று நான் நினைத்தேன்.

ஆனால் உடனே போட முடியாது. வைட்டமின் டி 9 இருக்கும்போது போட்டால் ரத்தக் கால்சியம் சரிந்துவிடும். வாரம் ஒன்றாக 60,000 யூனிட், எட்டு வாரம். கால்சியம் மாத்திரை சாப்பாட்டோடு. ராத்திரிக்குக் களி, முருங்கைக்கீரை, ஒரு டம்ளர் மோர். இரண்டு பல் வேர்கள் அழுகியிருந்தன. இந்த மருந்து போட்டபின் பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து கொஞ்சம் உண்டு என்பதால் முதலில் அவற்றை எடுத்து, ஈறு ஆறும் வரை காத்திருந்தோம். புரட்டாசியில் வைட்டமின் டி 34-க்கு வந்தது. இரண்டு டம்ளர் தண்ணீர் குடிக்கவைத்து அரை மணி நேரத்தில் மெதுவாக ஏற்றினோம். அன்று இரவு காய்ச்சலும் உடம்புவலியும் வந்தன. முதல் முறை பலருக்கு வரும், இரண்டு நாளில் போய்விடும் என்று முன்பே சொல்லியிருந்ததால் யாரும் பதறவில்லை.

ஐப்பசி மழையில்

ஸ்டீராய்டை ஒரே நாளில் நிறுத்தவில்லை. டெக்சாமெத்தசோனுக்குப் பதில் பிரட்னிசோலோன் கொடுத்து, மாதத்துக்குக் கொஞ்சமாகக் குறைத்து, ஐப்பசியில் 2.5 மி.கி.க்கு வந்திருந்தோம். அந்த மாதம் மழைத்தண்ணீர் கலந்து அந்தத் தெருவில் பலருக்கு வயிற்றுப்போக்கு. ஆயாவுக்கும் வாந்தி, பேதி. "வயிறு சரியில்லாதப்ப மாத்திரை எதுக்கு" என்று மூன்று நாள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள். காய்ச்சல், வாந்தி என்றால் அந்த ஸ்டீராய்டு மாத்திரையை மட்டும் இரட்டிப்பாக்க வேண்டும், வாயில் நிற்காவிட்டால் உடனே வர வேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தேன். சீட்டு அலமாரியில் இருந்தது. நான்காம் நாள் ஆட்டோவில் தூக்கிவந்தார்கள். அழுத்தம் 80/50, கை சில்லென்று இருந்தது, கேட்டதற்குப் பதில் இல்லை. ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மி.கி. நரம்பில் போட்டு, சலைன் ஏற்றியபடியே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினேன். வழியிலேயே கண் விழித்து, கொல்லைக் கதவைச் சாத்தினார்களா என்று கேட்டாராம்.

இப்போது அந்தச் சீட்டை அலமாரிக்குத் தருவதில்லை. தடிமனான அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி, சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டச் சொல்கிறேன். அதன்பின் இன்னும் மெதுவாகக் குறைத்து, பங்குனியில் கார்ட்டிசால் மீண்டு வந்ததைப் பார்த்த பிறகுதான் முழுதாக நிறுத்தினோம்.

குனியாத முதுகு

பத்தாவது வாரத்தில் பயிற்சி தொடங்கியது. தெரபிஸ்ட் கற்றுக்கொடுத்தது எளிது: சுவரில் முதுகு சாய்த்து நின்று தோள்களைப் பின்னுக்குத் தள்ளுவது, நாற்காலியில் உட்கார்ந்து முழங்கைகளைப் பின்னால் இழுப்பது, கையை ஊன்றாமல் எழ முயல்வது. குனிந்து காலைத் தொடும் பயிற்சி கூடவே கூடாது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 1984-இல் வந்த ஓர் ஆய்வில், முதுகை நிமிர்த்தும் பயிற்சி செய்த எலும்புப்புரைப் பெண்களில் 16 சதவீதம் பேருக்கும், குனியும் பயிற்சி செய்தவர்களில் 89 சதவீதம் பேருக்கும் மேலும் முள்ளெலும்புகள் நசுங்கின. சிறிய ஆய்வுதான், ஆனாலும் அந்த இரண்டு எண்களுக்கு நடுவில் இருக்கும் பள்ளத்தை நான் மறப்பதில்லை.

நாள் முழுக்கக் குனிவதோ பீடி முறத்துக்கு முன்னால். தொழிலை விடுங்கள் என்று சொல்வது எனக்கு எளிது. வாரக் கூலி வரும்போதுதான் அந்த வீட்டில் மளிகை வரும். மகன் ஒரு பழைய பலகையைச் செதுக்கி, குள்ள மேசைபோல் செய்து கொடுத்தார். ஆயா இப்போது முதுகுக்குச் சுவரும் தலையணையும் வைத்து நாற்காலியில் உட்கார்ந்து, முறத்தை அந்தப் பலகையில், மார்பு உயரத்தில் வைத்துச் சுற்றுகிறார். கத்தை ஒன்று முடிந்ததும் எழுந்து வாசல் வரை நடக்க வேண்டும், காலை பத்து மணிக்கு முன் அரை மணி நேரம் கைகால் தெரிய வெயிலில் இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். முன்பு சுற்றியதில் பாதிதான் ஆகிறது.

விழாமல் இருப்பதும் மருந்துக்குச் சமம். கழிவறைக்குப் பிளாஸ்டிக் கமோடு நாற்காலி, கொல்லைப் பாதைக்கு ஒரு பல்பு, துணி துவைக்கும் கல்லைச் சுற்றிப் பாசி தேய்ப்பு, வலது கண்ணில் புரை அறுவை சிகிச்சை. உயரமான நிலைப்படியை ஒன்றும் செய்ய முடியவில்லை. அதன் ஓரத்தில் பேரன் மஞ்சள் பெயின்ட் அடித்துவைத்தான்.

ஒரு வருடம்

இந்த வைகாசிக்கு ஆயா நடந்தே வந்தார். உயரம் 141, ஒரு சென்டிமீட்டரும் குறையவில்லை. எக்ஸ்ரேயில் புது முறிவு இல்லை. கூன் அப்படியே இருக்கிறது, நிமிராது. நீண்ட நேரம் நின்றால் வலிக்கிறது, முட்டி மடக்க முடியவில்லை, அந்தக் குட்டி மாத்திரையின் சுகத்தை இன்னும் நினைத்துப் பார்ப்பதாகச் சொன்னார். முகம் ஒடுங்கிவிட்டது. தெருவில் "இளைச்சுட்டியே" என்று கேட்கிறார்களாம். இரண்டாம் சோலட்ரானிக் புரட்டாசிக்கு.

எழும்போது மருமகளையும் சுவரில் நிற்கச் சொன்னேன். 39 வயது, இவரும் பன்னிரண்டு வருடமாகப் பீடி சுற்றுகிறார். உயரம் 153. தலை சுவரைத் தொட்டது. கார்டில் தேதி போட்டு எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவர் கொஞ்சம் தயங்கி, "எனக்கும் பெரும்பாடு அதிகமா இருக்கு டாக்டரம்மா. ஆபரேசன் பண்ணி எல்லாத்தையும் எடுத்துடலாம்னு சொல்லியிருக்காங்க, ஆடி முடிஞ்சதும்" என்றார். ஆயாவை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு, மருமகளை மறுபடி நாற்காலியில் உட்காரவைத்தேன். அவருடைய ஸ்கேன் ரிப்போர்ட்டை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தோம்.